பாசியும் உணவாகும்: எதற்கு, எவ்வளவு?

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் கோவில் வாசலில் காத்திருந்தார். இடுப்பில் நான்கு வயதுப் பெண்பிள்ளை. கையில் ஒரு சிறு போத்தல். அதற்குள் கரும்பச்சை நிற மாத்திரைகள்.

"சாமி, இது பாசியில செஞ்சதாம். ஒரு நாளைக்கு ரெண்டு குடுத்தா போதுமாம். அப்புறம் புள்ளைக்கு முட்டை, பருப்பு, பால் ஒண்ணும் வேணாம்னு விக்கிற ஆளு சொல்றாரு. கிளினிக்குல புள்ளை நிறை பத்தாதுன்னு சொன்னாங்க. அதான் வாங்கிட்டேன். குடுக்கலாமா சாமி?"

விலையைக் கேட்டேன். ஒரு கிழமைக் கொழுந்துக் காசில் பெரும்பகுதி அந்தப் போத்தலுக்குப் போயிருந்தது. உடனே பதில் சொல்ல எனக்கு அறிவு போதவில்லை. "படித்துப் பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்று அனுப்பிவைத்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் அதையே இவ்வாரப் பாடமாகத் தருகிறேன்.

பாசி என்பது யாது?

நோட்டன் பிரிட்ஜ் பகுதியில் வாழும் நமக்குப் பாசி புதிதன்று. அடைமழை மாதங்களில் லயத்துப் படிக்கட்டிலும் பீலிக்கரையிலும் காலை வழுக்கிவிடுவது அதுதான். அதே இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத நுண்ணுயிர்களும் உண்டு. அவற்றை நுண்பாசி என்பர். 1950 முதல் லக்சபான மின்நிலையத்துக்கு நீர் அனுப்பிவரும் நமது அணைக்கட்டின் நீரிலும் அவை மிதக்கின்றன. கடலிலும் குளத்திலும் ஈரமண்ணிலும் அவை இல்லாத இடமில்லை.

நுண்பாசிக்கு வேரில்லை, தண்டில்லை, இலையில்லை. ஆயினும் தேயிலைச் செடி செய்யும் வேலையை அதுவும் செய்கிறது. சூரிய ஒளியை வாங்கி, நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது, பிராணவாயுவை வெளிவிடுகிறது. உலகில் தாவரங்களும் பாசிகளும் உண்டாக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கும் இத்தகைய நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது என்று அறிஞர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடல் மீன்களின் உணவுச் சங்கிலி தொடங்குவதும் இதிலிருந்துதான். நெத்தலியில் மூளைக்கும் கண்ணுக்கும் நல்லதென வைத்தியர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. அதை முதலில் ஆக்கியது நுண்பாசி. பாசியைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை நெத்தலி உண்ண, நெத்தலியை நாம் உண்கிறோம். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீனும் நுண்பாசியை உண்டு வளர்வதே. ஆகவே, பாசியை உண்பதா என்று முகஞ்சுளிப்போர் அதன் பயனை நெடுங்காலமாக உண்டுவருகிறார்கள்.

ஏரியிலிருந்து கிடைத்த அடை

பாசியை நேராகவே உண்ட மக்களும் உண்டு. 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிக்கோவுக்குச் சென்றபோது, அங்கிருந்த அஸ்தெக்கு மக்கள் தெக்ஸ்கோக்கோ ஏரியின் நீர்மேல் மிதந்த ஒரு பசும்பொருளைச் சேர்த்து, வெயிலில் உலர்த்தி, அடைகளாக்கிச் சந்தையில் விற்பதைக் கண்டனர். 1529 இல் அங்கு சென்று, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களது வாழ்க்கையைப் பெருநூலாக எழுதிவைத்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி பெர்னார்டினோ தே சாகுன் இவ்வுணவையும் குறித்துவைத்தார். அதன் பெயர் தெக்குயித்லாத்தல். பின்னர் அந்த ஏரிகளின் பெரும்பகுதி வடிக்கப்பட்டது. உணவும் மறைந்தது. ஒரு மறைப்பணியாளர் அம்மக்களின் அடுப்பங்கரை வரை சென்று எழுதிவைத்ததால் அந்த நினைவு நமக்கு மிஞ்சியிருக்கிறது.

ஆபிரிக்காவின் சாட் ஏரிப் பக்கத்தில் இவ்வழக்கம் மறையவில்லை. அங்கே கானெம்பு இனப் பெண்கள் ஏரியோரத்துக் குட்டைகளிலிருந்து பாசியை அள்ளி, மணல்மேல் ஊற்றிக் காயவைத்து, வெட்டி எடுக்கிறார்கள். அதன் பெயர் திகே. சோளம், தினை போன்ற தானியக் களிக்கு ஊற்றும் குழம்பில் அதைக் கரைத்துக்கொள்வர். இந்த திகேயும் மெக்சிக்கோவின் அடையும் ஒரே வகைப் பாசி என்பது 1960களில் உலக அறிஞரின் கவனத்துக்கு வந்தது. ஸ்பைருலினா எனும் சுருள்பாசியே அது. நுண்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கம்பிச்சுருள் போலத் தெரியும்; அதனால் வந்த பெயர். நுட்பமாகச் சொன்னால் இது பாசி இனத்தைவிட பாக்டீரியா இனத்துக்கு நெருங்கியது. நீலப்பச்சைப் பாசி என்ற பழைய பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் மண்பானைப் பாசி

நம்மவர்க்கு மிக நெருக்கமான சான்று தமிழ்நாட்டில் உள்ளது. 1970களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், ஜெர்மனியின் உதவியோடு, பாசியை உணவாக்கும் ஆராய்ச்சி தொடங்கிற்று. சென்னையில் ஸ்ரீ ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி சி.வி. சேஷாத்ரியும் அவரோடு உழைத்தவர்களும் அதைக் கிராமத்து வீட்டுக்குக் கொண்டுசெல்ல முயன்றனர். அங்கு பணியாற்றிய ஜீஜி பாய் எனும் பெண் விஞ்ஞானி, ஏழை வீடுகளில் மண்பானையிலேயே சுருள்பாசி வளர்க்கும் முறையை 1986 இல் ஒரு சிறு நூலாக எழுதினார்.

முறை எளியது. பானைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைப்பர். நீரில் சாண எரிவாயுக் கலத்தின் கழிவுக்கரைசலையும், சமையல் சோடா, உப்பு முதலியவற்றையும் அளவாகக் கலந்து, தூய சுருள்பாசி வித்தை விடுவர். நாளுக்கு மூன்று நான்கு முறை கலக்கிவிட வேண்டும். வெயில் பட வேண்டும். மூன்று நான்கு நாளில் நீர் கரும்பச்சையாகும். துணியில் வடித்து, நல்ல நீரில் கழுவி, உலர்த்திக்கொள்ளலாம். அல்லது உடனே சமையலில் சேர்க்கலாம்.

1991, 1992 ஆம் ஆண்டுகளில் அம்மையம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 5,000 சிறுபிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் சுருள்பாசி கொடுத்துப் பார்த்தது. வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைகளின் வெள்ளை விழியில் நுரைபோன்ற ஒரு புள்ளி தோன்றும். அதனைப் பிட்டோ புள்ளி என்பர். கவனியாது விட்டால் மாலைக்கண்ணும், ஈற்றில் பார்வையிழப்பும் வரலாம். சுருள்பாசி உண்ட பிள்ளைகளிடையே இப்புள்ளி வெகுவாகக் குறைந்ததென்று அறிக்கை கூறிற்று. ஒரே ஒரு கிராம் இவ்வளவு செய்யுமா? செய்யும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்பாடத்தின் உயிர்நிலை அக்கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு கிராமின் கணக்கு

உலர்ந்த சுருள்பாசி 100 கிராமில் ஏறக்குறைய 57 கிராம் புரதம் உண்டு. பருப்பில் 24 கிராம்தான். விளம்பரக்காரர் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவர். ஆனால் யாரும் பாசியை நூறு கிராம் உண்பதில்லை. அந்தத் தாயின் போத்தலில் ஒரு மாத்திரை அரைக் கிராம். இரண்டு மாத்திரைக்கு ஒரு கிராம். அதிலுள்ள புரதம் அரைக் கிராமுக்குச் சற்றே அதிகம். ஒரு முட்டையிலோ ஏறக்குறைய 6 கிராம். அதாவது ஒரு முட்டைக்கு ஈடாக இருபது மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 19 கிராம் புரதம் தேவை. இரண்டு மாத்திரை கொடுத்து முட்டையையும் பருப்பையும் நிறுத்தினால், அப்பிள்ளையை அறியாமலே பட்டினி போட்டவர்களாவோம்.

இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் சுருள்பாசியில் ஏறக்குறைய 28 மில்லிகிராம் இரும்பு உண்டு. இது மிக அதிகந்தான். ஆனால் ஒரு கிராமில் கிடைப்பது 0.28 மில்லிகிராம். கர்ப்பிணித் தாய் ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் வேண்டும். நூற்றில் ஒரு பங்கே கிடைக்கிறது. கிளினிக்கில் இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரையின் இடத்தை இது பிடிக்க முடியாது.

இனி வைட்டமின் ஏ. சுருள்பாசியில் பீட்டா கரோட்டின் என்ற செம்மஞ்சள் நிறப்பொருள் உண்டு. நம் உடல் அதனை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஒரு கிராம் நல்ல பாசியில் அது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். சிறுபிள்ளையின் வைட்டமின் ஏ தேவையோ மில்லிகிராமிலும் குறைவு. மைக்ரோகிராம் கணக்கில் அளப்பது. ஆகவேதான் ஒரு கிராம் பாசி தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கண்ணுக்குப் பயன்பட்டது.

விதி இதுவே: உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படுவதைத் தர ஒரு கிராம் பாசி போதும். பெரிய அளவில் தேவைப்படுவதைத் தர ஒரு கிராம் எதுவும் போதாது. பாசியிலும் போதாது, வேறெந்த மாத்திரையிலும் போதாது.

இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிகிராம் பீட்டா கரோட்டின் நம் நுவரெலியா மாவட்டத்துக் கரட்டில் எவ்வளவு இருந்தால் கிடைக்கும்? ஏறக்குறைய 12 கிராம் போதும், விரலளவு துண்டு. அதைத் தேங்காய்ப்பாலோ சிறிது எண்ணெயோ சேர்த்துச் சமைத்தால் உடல் நன்கு ஏற்கும். பூசணியும் முருங்கைக்கீரையும் இவ்வேலையைச் செய்யும்.

உணவில் சேரும் பொருளாக

அப்படியாயின் பாசி வீண் என்பதா? அல்ல. பச்சைக்காய்கறி கிடைக்காத வறண்ட நிலத்தில், அகதி முகாமில், வெள்ளத்தால் வழி அடைபட்ட ஊரில், எளிதாக எடுத்துச் செல்லக்கூடிய ஒரு சிமிழ்ப் பொடி பெருந்துணையாகும். சுருள்பாசிக்குக் கடினமான கூட்டுச்சுவர் இல்லாததால் எளிதில் சீரணமாகும். குளோரெல்லா எனும் மற்றொரு பாசிக்குத் தடித்த சுவர் உண்டு. அதை உடைத்துப் பதப்படுத்தினால்தான் உடல் அதன் சத்தை முழுதும் ஏற்கும்.

நாம் அறியாமலே நம் கடைப்பொருள்களிலும் பாசி சேர்ந்து வருகிறது. சுருள்பாசியின் நீலநிறத்தை இனிப்புப் பண்டங்களுக்குச் சாயமாகச் சேர்க்க அமெரிக்க அரசு 2013 இல் அனுமதித்தது. உப்பளங்களில் வளரும் துனாலியெல்லா எனும் பாசியிலிருந்து பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் குழந்தைகளின் பால்மா பலவற்றில், மீனெண்ணெய்க்குப் பதிலாக, நுண்பாசியிலிருந்து பிழிந்த ஒமேகா-3 எண்ணெய் சேர்க்கப்படுகிறது. கடலில் மீன் குறைந்துவரும் காலத்தில், மீனைப் பிடிக்காமலே மீன் தரும் சத்தைப் பெற இது ஒரு வழி.

நிலத்துக்கும் நீருக்கும் இதனால் நன்மை உண்டு. பாசிக்கு நல்ல விளைநிலம் தேவையில்லை. நெல் விளையாத காரத்தன்மையுள்ள நீரிலும் வளரும். வெயிலும் பராமரிப்பும் நன்றாக அமைந்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குப் பத்து கிராம் வரை உலர்பாசி எடுக்கலாம். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் பெரும் பண்ணையே எழுந்தது. ஆயினும் செலவில்லாத விளைச்சல் என்று எண்ண வேண்டாம். சோடாவும் உரமும் வாங்க வேண்டும். நீரை ஓயாமல் கலக்கவும் அறுவடையை உலர்த்தவும் எரிபொருளோ மின்சாரமோ வேண்டும். பாசிப்பொடியின் விலை பருப்பின் விலையைவிடப் பன்மடங்காக இருப்பது இதனால்தான்.

நம் மலையில் வளர்க்கலாமா என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். சுருள்பாசி செழிக்க 30 முதல் 37 பாகை வரை வெப்பமும் நல்ல வெயிலும் தேவை. நோட்டன் பிரிட்ஜோ இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. திறந்த தொட்டியில் மழைநீர் விழுந்தால் காரம் குறைந்து வேற்றுப்பாசிகள் புகுந்துவிடும். இது வெப்பமான வறண்ட நாட்டுப் பயிர். நமக்கு ஆண்டவர் தந்த மழையில் கீரை நன்றாக வளரும்.

கட்டாயம் அறிய வேண்டியவை

முதலாவது: குளத்திலோ நீர்த்தேக்கத்திலோ மிதக்கும் பச்சைப் படலத்தை ஒருபோதும் உணவாக்க வேண்டாம். நீலப்பச்சைப் பாசிகளில் நஞ்சுள்ளவை உண்டு. 1991 இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999 இல் கண்டி வாவியிலும் பச்சையாகப் பெருகிய மைக்ரோசிஸ்டிஸ் எனும் பாசி அத்தகையது. அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. ஆகவே பச்சைப் படலம் படிந்த நீரைக் காய்ச்சிக் குடிப்பதும் பாதுகாப்பன்று.

இரண்டாவது: நம்பிக்கையான பரிசோதனை இல்லாத பாசிப்பொடியில் இந்நஞ்சோ, ஈயம் போன்ற உலோகங்களோ கலந்திருக்கக்கூடும். யார் செய்தது, எங்கே சோதிக்கப்பட்டது என்று எழுதப்படாத போத்தலை வாங்க வேண்டாம்.

மூன்றாவது: மச்சம் உண்ணாதோர்க்குப் பி-12 வைட்டமின் இதில் கிடைக்கும் என்பது தவறு. சுருள்பாசியில் பெரும்பாலும் இருப்பது அதனைப் போன்ற வேறொரு பொருள்; மனித உடலுக்கு அது பயன்படாது.

நான்காவது: மூட்டுகளில் யூரிக் அமில நோய் உள்ளோரும், நெடுநாள் மருந்து உண்போரும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது.

அந்தத் தாய்க்குச் சொன்ன பதில்

2016 இல் அரசு நடத்திய குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் மட்டும் இத்தொகை நூற்றுக்கு 32. ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. இந்த எண்ணுக்குள் நம் வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள் இருக்கின்றன. இப்பிள்ளைகளின் குறையை விற்பனைப் பொருளாக்கி, ஒரு தாயின் பயத்தைக் காசாக்குவது பாவம். அதனை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பாசி பொய்யன்று. அதைப்பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தையே பொய்.

அடுத்த ஞாயிறு அத்தாய் மீண்டும் வந்தார். அவருக்கு இவ்வாறு சொன்னேன்: "அம்மா, போத்தலில் யார் செய்தது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் கொடுக்கலாம். ஆனால் சோற்றுக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் பதிலாகக் கொடுக்க வேண்டாம். இந்தப் போத்தல் தீர்ந்தபின் அடுத்ததை வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் நெத்தலியும் பருப்பும் வாங்குங்கள். கிளினிக்கில் திரிபோஷா தந்தால் அதை வீட்டில் எல்லாருக்கும் பங்கிடாமல் அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள்."

இன்னொன்றும் சொன்னேன். அது தேயிலை பறிக்கும் நமக்கே உரியது. சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைப் பாதிக்கு மேல் தடுத்துவிடக்கூடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இத்தீமை குறையும். சோற்றோடு தேசிக்காய்ப் புளியோ, ஒரு கொய்யாப்பழமோ சேர்த்தால் இரும்புச்சத்து மேலும் நன்றாகச் சேரும். இரத்தச்சோகையால் மலையில் தலைசுற்றும் தாய்மார்க்கு இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே, "தேத்தண்ணிய நிப்பாட்ட சொல்லாம விட்டீங்களே சாமி, அதுவே போதும்" என்றார்.

படைப்பில் வீணானது ஒன்றும் இல்லை. வழுக்கும் பாசிக்குள்ளும் ஒரு பிள்ளையின் கண்ணொளி இருக்கிறது. அதைத் தேடிக்கண்ட விஞ்ஞானிகளுக்கு நாம் நன்றியுடையவர்கள். ஆயினும் 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் நம் பொது இல்லமாகிய பூமியைப் பற்றி எழுதிய திருமடலில், தொழில்நுட்பம் ஒன்றே எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிடும் என்று எண்ணலாகாதென எச்சரித்தார். பசிக்குக் காரணம் சத்துப்பொடி இல்லாமை மட்டுமா? கூலியும், நிலமும், தாய்க்கு ஓய்வும் இல்லாமையும் காரணங்களே. அவற்றைப் பற்றிப் பேசாமல் மாத்திரையை மட்டும் நீட்டுவது நீதியாகாது.

பாலைநிலத்தில் திரளான மக்கள் பசித்திருந்தபோது, ஆண்டவர் முதலில் சீடர்களிடம் கையில் எத்தனை அப்பங்கள் உண்டென்று பார்த்துவரச் சொன்னார். உள்ளதை எண்ணிய பின்னரே அவர் அதை ஆசீர்வதித்துப் பகிர்ந்தார். நாமும் நம் அடுப்பங்கரையில் உள்ளதை முதலில் எண்ணிப் பார்ப்போம். லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி கீரைக்கு இடமிருக்கும். வேலியோரம் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்ற இடமிருக்கும். அதையும் மீறிக் குறையுள்ள வீடு எதுவென்று அயலார் அறிந்திருப்பர். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிழமைக்கு மூன்று முட்டை கொடுப்பது ஓர் அன்பியத்தால் முடியாத காரியம் அன்று.

குடும்பத்திலும் அன்பியத்திலும் சிந்திக்க:

1. நம் வீட்டுப் பிள்ளை நேற்று உண்டவற்றுள் புரதம் தந்தவை எவை? கண்ணுக்கு நல்லவை எவை?

2. சாப்பாட்டோடு சாயத்தண்ணீர் குடிக்கும் வழக்கத்தை மாற்ற வீட்டில் யார் முதலில் முன்வருவர்?

3. நம் லயத்தில் நிறை குறைந்த பிள்ளை உண்டா? அப்பிள்ளைக்காக இம்மாதம் நாம் செய்யக்கூடியது என்ன?